கோல சிலாங்கூர் கோட்டை மலையும் பாக்காவ் காடும்: போகுமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். முப்பது வருடத்துக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்துவிட்டு, இப்போது இதே ஊரில் ஓய்வாக இருக்கிறேன். எங்கள் ஊர் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்துக்கு வெளியூரிலிருந்து வருபவர்கள் சாமி கும்பிட்டு முடித்ததும், "டீச்சர், பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். கோல சிலாங்கூர் மலையையும் அதன் அடியில் உள்ள பாக்காவ் காட்டையும், அதாவது கடலோர அலையாத்திச் சதுப்புக் காட்டையும் சொல்வேன். உடனே அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். வருடக்கணக்கில் வாயால் சொன்ன பதில்களை இப்போது எழுதி வைக்கிறேன்.

இது தேசியப் பூங்காவா?

இல்லை. 'தாமான் நெகாரா' என்ற பெயரில் இருப்பவை வேறு. கடலோரமாக அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் பினாங்குத் தீவின் வடமேற்கு மூலைக்குப் போக வேண்டும். அது 2003இல் தேசியப் பூங்காவானது. இங்கே இருப்பது 'தாமான் ஆலாம்', அதாவது இயற்கைப் பூங்கா. 1987இல் மலேசிய இயற்கைக் கழகத்தின் முயற்சியால் உருவானது. பரப்பு ஏறத்தாழ 200 ஹெக்டேர். அளவு சின்னதுதான். ஆனால் ஒரு போர்க் கோட்டை, ஆற்றின் கழிமுகம், கடலோரச் சதுப்புக் காடு ஆகிய மூன்றும் நடந்து போகும் தூரத்தில் அடுத்தடுத்து இருக்கும் இடம் இந்தக் கரையில் வேறு எங்கும் எனக்குத் தெரியாது.

எப்படி வருவது?

கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலை. கிள்ளானிலிருந்து வந்தால் காப்பார், ஜெரம் வழியாக 5ஆம் எண் சாலை. தலைநகரிலிருந்து காடியில் ஒரு மணி நேரம், கூடிப்போனால் ஒன்றரை. வழி நெடுகச் செம்பனைதான். என் சின்ன வயதில் இதே சாலையின் இரண்டு பக்கமும் பால்மரமாக (ரப்பர் மரமாக) இருந்தது.

எந்த நாளில், எந்த நேரத்தில் வந்தால் நல்லது?

நான் முதலில் பார்ப்பது நாள்காட்டியைத்தான், அதுவும் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியை. கடலோரக் காடு கடிகாரத்தைப் பார்த்து நடப்பதில்லை. நிலாவைப் பார்த்து நடக்கிறது. மலாக்கா நீரிணையில் நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அஷ்டமிப் பக்கம் இரண்டுமே மந்தம்.

நண்டும் சேற்றில் துள்ளும் மீனும் பார்க்க ஆசைப்பட்டால், நீர் வற்றிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து வாருங்கள். சேறு வெளியே தெரியத் தெரிய ஒவ்வொன்றாக வளையை விட்டு வரும். மின்மினிதான் முக்கியம் என்றால் அமாவாசையை ஒட்டி வாருங்கள், இருட்டு துணை நிற்கும். பறவைகளுக்காக வருகிறீர்கள் என்றால் செப்டம்பரிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில்தான் வடக்கே சைபீரியா வரையுள்ள குளிர்நாடுகளிலிருந்து உள்ளான் வகைகள் இந்தக் கரைக்கு வந்திறங்கும்.

தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பரில் இந்தப் பக்கம் பிற்பகல் மழை வலுக்கும். அந்த மாதங்களில் வந்தால் காலையிலேயே காட்டை முடித்துவிடுங்கள். ஏற்ற வற்ற நேரம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது. பூங்கா திறந்திருக்கிறதா, நடைபாலம் முழுவதும் நடக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று வருமுன் ஒரு முறை விசாரித்துக்கொள்ளுங்கள். மரப்பலகைப் பாலம் உப்புக் காற்றில் உளுத்துப்போகும், அவ்வப்போது சீரமைப்புக்காக மூடுவார்கள்.

மலைமேல் இருக்கும் கோட்டையை யார் கட்டினார்கள்? வெள்ளைக்காரனா?

அங்கே டச்சுப் பெயர் இருப்பதைப் பார்த்துப் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இது சிலாங்கூர் சுல்தானின் கோட்டை. 1766இல் பூகிஸ் வம்சத்து ராஜா லூமு, சுல்தான் சலேஹுடின் என்ற பட்டத்தோடு சிலாங்கூரின் முதல் சுல்தானானார். அவருக்குப் பின் வந்த மகன் சுல்தான் இப்ராஹிம் காலத்தில் இந்த மலைதான் அரசின் காவல் முனை.

மேலே போய் நின்று பார்த்தால் ஏன் இந்த மலை என்று சொல்லாமலே விளங்கும். சுற்றிலும் தட்டையான சேற்று நிலம், அதில் எழுந்து நிற்கும் மேடு இது. ஒரு பக்கம் ஆற்று வாய், மறுபக்கம் நீரிணை. உள்நாட்டிலிருந்து ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் இறங்கி வந்தது. ஆற்று வாயைப் பிடித்தவன் கையில் வரி, வரி யார் கையிலோ அவர் கையில் நாடு. பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

1784இல் மலாக்காவிலிருந்த டச்சுக்காரர்களை ரியாவ் ராஜா ஹாஜி முற்றுகையிட்டபோது, சுல்தான் இப்ராஹிமும் அவரோடு சேர்ந்து நின்றார். வான் பிராம் தலைமையில் வந்த டச்சுக் கப்பற்படை முற்றுகையை உடைத்தது. ராஜா ஹாஜி போரில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் படை இங்கே வந்து கோட்டையைப் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்து 'ஆல்டிங்ஸ்பர்க்' என்றது. சுல்தான் பகாங் பக்கம் போய் ஆள் திரட்டினார். 1785 ஜூனில் திரும்பி வந்து கோட்டையை மீட்டார். டச்சுக்காரர்கள் கடலில் கப்பல்களை நிறுத்தி வழியை அடைத்தார்கள், 1786இல் ஓர் உடன்படிக்கையோடு அது முடிந்தது. அந்நியர் கையில் கோட்டை இருந்தது ஒரு வருடத்துக்கும் குறைவு. பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. பிள்ளைகளை அழைத்துப் போனால் இதை அவசியம் சொல்லுங்கள். தோற்று ஓடிய ராஜா ஆள் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து ஜெயித்த கதை இந்த நாட்டு வரலாற்றில் அடிக்கடி கிடைப்பதில்லை.

அதோடு சண்டை முடிந்ததா?

முடியவில்லை. 1867 முதல் 1874 வரை சிலாங்கூரில் உள்நாட்டுப் போர். ஒரு பக்கம் ராஜா மஹாடியும் அவரைச் சேர்ந்தவர்களும். மறுபக்கம் சுல்தான் அப்துல் சமாட்டின் மருமகன், கெடா இளவரசர் தெங்கு கூடின். கோல சிலாங்கூர் கை மாறி மாறிப் போனது. 1871இல் பினாங்குச் சீனர் ஒருவரின் கப்பலைக் கடற்கொள்ளையர்கள் பிடித்து இந்த ஆற்றுக்குள் கொண்டுவந்தார்கள். அதைத் தேடி வந்தவர்களோடு மோதல் ஏற்பட, ஜூலை மாதம் 'ரினால்டோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் வந்து இங்குள்ள கோட்டைகளைக் குண்டு வீசி நொறுக்கியது, ஊரும் எரிந்தது. பிரிட்டிஷார் சிலாங்கூர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கத் தொடங்கியதற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம். 1873 கடைசியில் பகாங் படையின் உதவியோடு தெங்கு கூடின் தரப்பு இந்த ஊரைத் திரும்பப் பிடித்தது. அடுத்த ஆண்டே சிலாங்கூருக்கு பிரிட்டிஷ் ரெசிடெண்ட், அதாவது சுல்தானுக்கு ஆலோசனை சொல்லும் அதிகாரி, வந்துவிட்டார்.

மலையில் வேறு என்ன பார்க்கலாம்?

முதல் மூன்று சுல்தான்களின் அரச கல்லறை இருக்கிறது. அங்கே உடையும் குரலும் அடக்கமாக இருக்கட்டும். 1907இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது, அதற்கும் ஆல்டிங்ஸ்பர்க் என்றே பெயர். நோன்புப் பெருநாளுக்குப் பிறை பார்க்கும் கூடமும் மேலேதான் உள்ளது. தண்டனைக் கல் என்று சொல்லப்படும் தட்டைப் பாறையையும் நஞ்சுக் கிணற்றையும் வழிகாட்டிகள் காட்டுவார்கள். அவற்றைப் பற்றி வழங்குவது ஊர்க் கதை, கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டைச் சுவர் என்று நிமிர்ந்து பார்க்கும்படி பெரிதாக எதுவும் மிச்சமில்லை. சில கற்கள், பீரங்கிகள், முதிர்ந்த மரங்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போரில் இங்கே ஏதாவது நடந்ததா?

நடந்தது. பலருக்குத் தெரியாத கதை இது. 1942 ஜனவரி 2ஆம் தேதி, ஜப்பானியர்கள் சிறு கப்பல்களிலும் படகுகளிலும் கடல்வழியாக வந்து கோல சிலாங்கூரில் இறங்கப் பார்த்தார்கள். கரையிலிருந்து பிரிட்டிஷ் தரப்புப் பீரங்கிகள் சுட்டு அவர்களை விரட்டின. அந்த வெற்றி நிலைக்கவில்லை. 5 நாள் கழித்து சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் படையின் காப்பு உடைந்தது, பிறகு கோலாலம்பூர் விழுந்தது. மலாயாவில் அன்று பிரிட்டிஷ் சீருடையில் நின்றவர்களில் பெரும் பகுதி இந்தியச் சிப்பாய்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் நம் தோட்டங்களின் துயரம். சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாகத் தமிழர்களைப் பிடித்துப் போனார்கள். என் பாட்டி 'சயாம் போனவங்க' என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியத்தை முடிக்க மாட்டார். மலைமேல் இதைச் சொல்லும் பலகை ஏதும் நான் பார்த்ததில்லை. அதனால் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது கடலைப் பார்த்தபடி நின்று நானே சொல்லிவிடுவேன்.

குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கலாமா? ஆஞ்சநேயருக்கு வேண்டிக்கொண்டோம்.

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். கேட்பவர்கள் அன்பால் கேட்கிறார்கள், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன்.

மலையில் இரண்டு வகைக் குரங்கு உண்டு. பழுப்பு நிறத்தில் நீண்ட வாலோடு, பையைப் பிடுங்கி ஓடுவது 'கெரா'. சாம்பல் கறுப்பில் வெள்ளி பூசினாற்போல் மின்னும் முடியும், உச்சியில் கூம்பிய கொண்டையுமாக, சாதுவாக உட்கார்ந்திருப்பது 'லோத்தோங்'. இந்த லோத்தோங் இலை தின்னும் சாதி. மாட்டுக்கு இருப்பதுபோல் அதன் வயிறும் பல அறைகள் கொண்டது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலையை மெல்ல நொதிக்கவைத்துச் சத்தாக மாற்றும். அந்த வயிற்றில் இனிப்பான பழமும் ரொட்டியும் கச்சானும் (வேர்க்கடலையும்) விழுந்தால் நொதிப்பு தாறுமாறாகும், வயிறு உப்பும். பசு மாட்டுக்கு அளவுக்கு மீறிப் பொங்கல் வைத்து அது வயிறு ஊதித் தவித்ததைத் தோட்டத்தில் நாங்கள் பார்த்திருக்கிறோம். இதுவும் அதுபோலத்தான்.

மலையடியில் தீனி விற்பவர்கள் இருப்பார்கள், கேட்டுக் கேட்டு நீட்டுவார்கள். கையில் தீனியோடு நின்றால் லோத்தோங் உங்கள் தோளில் ஏறி உட்காரும், படம் அழகாக வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனிதக் கையிலிருந்து வாங்கித் தின்னப் பழகிய குரங்கு சாலைக்கு இறங்குகிறது, காடி மோதிச் சாகிறது, நம் சளியும் காய்ச்சலும் அதற்குத் தொற்றுகிறது. கெராவுக்குக் கொடுத்தால் இன்னும் மோசம். ஒரு முறை எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் பிஸ்கட் பொட்டலத்தோடு நின்றான். கெரா பாய்ந்து அவன் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. கண்ணாடி கிடைக்கவே இல்லை, பையன் மூன்று வாரம் முன்வரிசையில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தான்.

வேண்டுதல் இருந்தால் கோயிலில் வடைமாலை சாத்துங்கள், இல்லாத வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு போடுங்கள். மலையில் அந்தக் குரங்கை அதன் இலையைத் தின்னவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்ப்பதுதான் அதற்கு நாம் செய்யும் மரியாதை.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி இருக்கிறதே, அது வேறு சாதியா?

அதே லோத்தோங்கின் குட்டிதான். பிறக்கும்போது உடம்பு முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு, முகம் வெளிறியிருக்கும். சில மாதங்களில் முடி சாம்பலாக மாறிவிடும். கூட்டத்துப் பெண் குரங்குகள் எல்லாம் மாறி மாறி அதை மடியில் வாங்கி வைத்துக்கொள்ளும். லயத்தில் புதுப்பிள்ளை பிறந்தால் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லாரும் கையில் வாங்குவதுபோல இருக்கும். அதனால் அழைத்துப் போகும் பெண்களுக்கெல்லாம் இது பிடித்துப்போகும். குட்டி வைத்திருக்கும் தாயின் அருகில் மட்டும் போகாதீர்கள்.

பாக்காவ் காட்டில் பார்க்க என்ன இருக்கிறது? வெறும் சேறுதானே?

மலையடியில் பூங்கா அலுவலகத்தைத் தாண்டி உள்ளே போனால் முதலில் ஒரு உப்பங்குளம் வரும், பிறகு நீண்ட மண்கரை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கரை உடனே பிடிபடும். நம் ஆட்கள் 'பண்டு' என்று சொல்வது அதுதான். கடல்நீர் உள்ளே வராமல் தடுத்து நிலம் ஆக்கப் போட்டது. இந்தக் கடலோரத்துத் தோட்டங்கள் பலவும் பண்டு போட்டு, வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து எடுத்த மண்ணில் நிற்பவைதான். காப்பி, தென்னை, பால்மரம், செம்பனை என்று அந்த மண் பலதைப் பார்த்துவிட்டது. பண்டுக்கு இந்தப் பக்கம் கடல் வராத காடு, அந்தப் பக்கம் தினமும் கடல் வந்து போகும் காடு. இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். மரமே வேறாக இருக்கும்.

அந்தப் பக்கத்து மரங்களை உற்றுப் பார்க்க வேண்டும். 'ஆப்பி ஆப்பி' எனும் கண்டல் மரத்தைச் சுற்றி பென்சில் முனைபோல ஆயிரக்கணக்கில் சேற்றிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருப்பவை வேர்கள். சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் மரம் மூச்சுவிட வேரை மேலே அனுப்புகிறது. பாக்காவ் மரம் பந்தற்கால் ஊன்றியதுபோல் வளைந்த கால்களோடு நிற்கும். அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய்போல் தொங்கி, விழுந்து சேற்றில் குத்தி நிற்கும். தாய் மரத்திலேயே வளர்ந்து ஆளான பிறகுதான் பிள்ளை இறங்குகிறது. இல்லையென்றால் அடுத்த ஏற்றம் அதை அடித்துப் போய்விடும்.

சேற்றில் துள்ளும் மீனைப் பிள்ளைகள் விடவே மாட்டார்கள். மலாயில் 'பெலாச்சாக்' என்பார்கள். உச்சந்தலையில் கண், துடுப்பையே கையாக ஊன்றி நடக்கும், வேரில் ஏறும், தோல் ஈரமாக இருக்கும்வரை காற்றிலேயே மூச்சு வாங்கும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் சின்ன நண்டு, பெட்டையைக் கூப்பிட அந்தக் கொடுக்கை ஆட்டிக்கொண்டே இருக்கும். எரிமலைபோல் சேற்றுக் குவியல் தெரிந்தால் அதன் அடியில் இறால் போன்ற ஒரு பிராணி மண்ணைக் கிளறி மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நடைபாலத்தில் வேகமாக நடந்தால் இதில் ஒன்றும் தெரியாது. காலடி அதிர்ந்ததும் எல்லாம் வளைக்குள் போய்விடும். நின்ற இடத்தில் அசையாமல் நூறு எண்ணுங்கள். நாற்பதுக்குள் முதல் நண்டு வந்துவிடும். 'வெறும் சேறு' என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் பலர் அந்த நூறை எண்ணி முடித்த பிறகு கிளம்ப மனமில்லாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

என்னென்ன பறவை? கருடன் தெரியுமா?

கட்டாயம் தெரியும். செம்பழுப்பு உடலும் வெண்ணிறத் தலையுமாக ஆற்று வாயில் வட்டமிடும் பருந்துதான் நம் பெரியவர்கள் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன். வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருங்கள், ஒன்றாவது வரும். படகில் போய்க் கோழித்தோலை வீசி அவற்றை வரவழைக்கும் பயணங்களும் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. மீன் பிடித்து, செத்ததைத் தின்று கழிமுகத்தைச் சுத்தம் செய்யும் பறவையைக் கோழித்தோலுக்குக் காத்திருக்கப் பழக்குவதும், குரங்குக்குக் கச்சான் கொடுப்பதும் ஒன்றுதான்.

குளத்தோரம் சாம்பல் நாரை, வெண்கொக்கு, நீல மீன்கொத்தி சாதாரணமாகத் தெரியும். உலகில் அருகிவரும் பால்வெள்ளை நாரையைத் தேசிய மிருகக்காட்சிசாலையில் வளர்த்து இந்தப் பூங்காவில் விட்டுப் பெருக்கும் முயற்சி நடந்திருக்கிறது. மலாயில் அதை 'பூரோங் பொத்தாக் உப்பே' என்பார்கள். விடியற்காலையில் போனால் நீர்நாய்க் குடும்பம் குளத்தில் வரிசையாக நீந்துவதைப் பார்க்க வாய்ப்புண்டு. அதைப் பார்ப்பது அதிர்ஷ்டம், உறுதி சொல்ல மாட்டேன்.

பாம்பு, முதலை பயம் உண்டா?

சதுப்புக் காட்டில் மரக்கிளையோடு கிளையாகச் சுருண்டிருக்கும் விரியன் உண்டு, அதனால் கைப்பிடியைப் பார்த்துப் பிடியுங்கள், இலைகளுக்குள் கை விடாதீர்கள். உடும்பு பெரிதாக இருக்கும், தானே விலகிப் போகும். கழிமுகத்து ஆறு என்றாலே முதலைக்கு இடமுண்டு. பிள்ளைகளை நீர் விளிம்பில் விளையாட விடாதீர்கள்.

மின்மினிப் பூச்சிக்கு எங்கே போவது? இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது. கோல சிலாங்கூரிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரையில் உள்ள கம்போங் குவாந்தான். இருட்டிய பிறகு சம்பான் என்ற சிறு படகில் ஏற்றிக்கொண்டு துடுப்புப் போட்டுப் போவார்கள். கரையோரத்து 'பெரெம்பாங்' மரங்களில் ஆண் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் ஒரே தாளத்தில் விட்டு விட்டு மின்னும். யாரோ சுவிட்சைத் தட்டித் தட்டி அணைப்பதுபோல் மரம் முழுவதும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும். உலகில் இப்படிக் கூட்டமாக ஒத்து மின்னும் மின்மினிகளுக்குப் பேர்போன இடங்களில் இது ஒன்று.

பூச்சி மரத்தில் இருக்கிறது, ஆனால் அதன் பிழைப்பு மரத்தில் மட்டும் இல்லை. முட்டையிலிருந்து வரும் புழு கரையோர நிப்பா, ரும்பியா புதர்களின் ஈரமண்ணில் சின்ன நத்தையைத் தின்று வளர்கிறது. கரையை ஒட்டிச் செம்பனை நட்டால் புதர் போகும், நத்தை போகும், பூச்சியும் போகும். தோட்டத்து வாய்க்காலில் இறங்கும் மருந்துத் தண்ணீரும் இதே ஆற்றுக்குத்தான் வருகிறது. மேலே அணையிலிருந்து நல்ல தண்ணீர் குறைந்தால் கீழே உப்பு கூடும், பெரெம்பாங் மரத்துக்கு அது ஆகாது. எங்கள் அப்பா மருந்து டின்னை முதுகில் சுமந்து புல்லுக்கு அடித்தவர். அவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. இப்போது தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்காவது சொல்ல வேண்டும்.

சம்பானில் கைவிளக்கு வேண்டாம், படம் பிடிக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், கிளையை ஆட்டிப் பூச்சியைப் பிடிக்க வேண்டாம். கைப்பேசியில் படம் சரியாக விழாது, முயற்சி செய்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் ஆகும். பெருமழை பெய்தால் அன்று பூச்சிகள் மின்னுவது குறையும், சம்பானும் விடமாட்டார்கள்.

கடலுக்கு நடுவில் வானம் தெரியும் கண்ணாடி மணல்திட்டு இதுதானா?

அது வேறு, கடலுக்குள் படகில் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்களில் வற்றம் அதிகமாகும்போதுதான் திட்டு வெளியே தெரியும். படம் பிடிக்க நல்ல இடம்.

வயதானவர்கள் வரலாமா?

மலைக்கு வரலாம். வார இறுதியில் மேலே காடி விடமாட்டார்கள், டிராம் வண்டி ஏற்றிப் போகும். நடந்தாலும் கால் மணி நேரம்தான், நிழல் உண்டு. காட்டுக்குள் போகும் பாதை சமதரைதான், ஆனால் மழைக்குப் பின் பண்டு வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் குளத்தோரத்தோடு நிற்கட்டும்.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

நீளக்கை சட்டை, நீளக் காற்சட்டை, கொசு மருந்து. கொசுவை இலேசாக நினைக்காதீர்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தக் காட்டில் நிற்கவே முடியாது. தண்ணீர் நிறைய. மாற்றிப்போட ஒரு சிலிப்பர். தொலைநோக்கி ஒன்று கடன் கிடைத்தால் கொண்டு வாருங்கள். தின்பண்டத்தைக் காடியிலேயே பூட்டிவிட்டு இறங்குங்கள். பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்திருந்தாலே கெரா அதைத் தீனி என்றுதான் நினைக்கும்.

சாப்பாடு?

காலையில் எங்கள் ஊரிலேயே தோசை, தே தாரிக். ராத்திரிக்கு ஆற்றின் அக்கரையில் பாசிர் பெனாம்பாங், சீனர்களின் மீனவக் கம்பம் (கிராமம்), மீனும் நண்டும் புதிதாகக் கிடைக்கும். சைவக்காரர்கள் மின்மினி பார்க்கப் போகுமுன் எங்கள் ஊர்ப் பக்கமே சாப்பிட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் எல்லாம் முடியுமா?

முடியும். காலை ஏழரைக்குக் காடு, வெயில் ஏறுமுன் வெளியே. கோயில், மதியச் சாப்பாடு, ஓய்வு. நாலு மணிக்கு மேல் மலை. சூரியன் நீரிணையில் இறங்குவதை மேலிருந்து பார்த்துவிட்டு, சாப்பிட்டு, எட்டு மணிக்கு மின்மினி. வற்ற நேரம் காலையில் அமையாவிட்டால் காட்டையும் கோயிலையும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வர நினைக்கிறோம். டீச்சர், ஏதாவது யோசனை?

ஒரு பேருந்து நிறைய அழைத்து வந்து ஒரே நேரத்தில் பாலத்தில் ஏற்றாதீர்கள். பத்துப் பத்தாகப் பிரியுங்கள், ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெரியவர். ஒரு குழு மலையில் இருக்கும்போது இன்னொன்று காட்டில் இருக்கட்டும். பெயர் எழுதிய பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். அதனால் வகுப்பிலேயே முதல் நாள் தமிழ்ப் பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள்: கண்டல், அலையாத்தி, கழிமுகம், ஏற்றம், வற்றம், உள்ளான், நீர்நாய். இந்தச் சொற்கள் நம்மிடம் ஏற்கனவே இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் கடலைப் பார்க்காமல் வளர்ந்ததால் வாயில் வராமல் போனவை, அவ்வளவுதான்.

கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். நானும் முதல் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதினார்கள், சேற்றைப் பார்க்கவில்லை. மூன்றாம் வருடம் ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்து, ஒரே இடத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்து கண்ணில் படுவதை வரையச் சொன்னேன். வாய் ஓயாத ஒரு பெண் பிள்ளை சத்தமே இல்லாமல் ஒரு நண்டின் எட்டுக் காலையும் இரண்டு கொடுக்கையும் எண்ணி எண்ணி வரைந்தாள். பெரிய கொடுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். "இதுக்கு இடது பக்கம், டீச்சர். பக்கத்து வளைல இருக்குறதுக்கு வலது பக்கம்" என்றாள். அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை.